அஞ்சறைப் பெட்டிக்குள்ள இருக்கற "அறை"

அஞ்சறைப் பெட்டின்னு எழுதச் சொன்னா பாதிப் பேரு "அஞ்சரைப் பெட்டி"ன்னு எழுதறாங்க. சமையல் வீடியோ தலைப்புலயும் பாத்திரக் கடை போர்டுலயும் இப்படித்தான் வருது. இடையின ர போட்டா அது அஞ்சும் அரையும், அதாவது ஐந்தரைப் பெட்டி ஆயிடும். அது அஞ்சு அறை, அஞ்சு அறை இருக்கற பெட்டி. பழைய மரப் பெட்டிய பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம், நீளமா ஒரு பெட்டி, உள்ள மரத்தகடு வச்சு தடுத்து தடுத்து கடுகுக்கு ஒண்ணு, சீரகத்துக்கு ஒண்ணு, மிளகு, வெந்தயம், மஞ்சள்னு. இப்ப வட்டமா எவர்சில்வர்ல ஏழு கிண்ணம் வச்சு வருது, தடுப்பே கிடையாது, ஆனாலும் அது அஞ்சறைப் பெட்டிதான். அஞ்சு ஏழாயிடுச்சு, தடுப்பு போய் கிண்ணம் வந்துச்சு, பேரு மட்டும் அசையல.

இந்த ஒரு வார்த்தையில நான் ரொம்ப நாளா நின்னுட்டு இருக்கேன். ஏன்னா தமிழ்நாட்டுல வீட்டுக்குள்ள பேசறப்போ அறைங்கற வார்த்தைய யாரும் எடுக்கறதே இல்ல, எல்லாம் ரூம்தான், பெட்ரூம், பாத்ரூம், சாமி ரூம். ஆனா அடுக்களையில, கைய மடக்கினா உள்ள போகாத ஒரு இத்துனூண்டு இடத்துக்கு மட்டும் அறைன்னு பேரு இன்னும் உசுரோட இருக்கு. நாலு சுவரு, கூரை, ஒரு கதவு, இதுதான் அறைன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம்ல, அப்படின்னா கடுகு கிடக்கற அந்தக் குழி எப்படி அறை ஆகும்?

பதில் வார்த்தைக்குள்ளயே இருக்குன்னு நினைக்கிறேன். அறு, அதுலேர்ந்து அறை. குறு குறை ஆன மாதிரி, நிறு நிறை ஆன மாதிரி, உறு உறை ஆன மாதிரி. அறுக்கறதுன்னா வெட்டிப் பிரிக்கறது, அப்படிப் பிரிச்ச ஒரு பகுதி அறை. ஆறு ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல விட்டுட்டுப் போற நிலத்த ஆற்றிடைக்குறைன்னு சொல்லுவாங்க, ஸ்ரீரங்கம் அப்படி ஒரு நிலம், அங்க இருக்கற "குறை"யும் குறைபாடு கிடையாது, தண்ணி வெட்டி எடுத்த துண்டுன்னுதான் அர்த்தம். சில்லறையில வர்றதும் இதே வல்லின ற தான், சின்னச் சின்னதா அறுபட்டதுன்னு படிச்சா காசுக்கும் பொருந்துது, சில்லறை வியாபாரத்துக்கும் பொருந்துது. ஆக அறைங்கற வார்த்தை சுவரப் பத்தியோ கூரையப் பத்தியோ ஒண்ணும் சொல்லல. முழுசா இருந்த ஒண்ண உள்ளுக்குள்ள பிரிச்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. அது பெட்டியா இருக்கலாம், வீடா இருக்கலாம், மலையா கூட இருக்கலாம், அளவு ஒரு பொருட்டே இல்ல.

இத ரூம்ங்கற வார்த்தையோட வச்சுப் பாத்தா வித்தியாசம் நல்லாத் தெரியும். பழைய இங்கிலீஷ்ல ரூம்னா இடம், விசாலம், அவ்வளவுதான். இன்னைக்கும் அவங்க "ரூம் இல்ல"ன்னா உக்கார எடமில்லன்னும் அர்த்தம் வரும், ஜெர்மன்ல அதே வேர்ல வந்த ரௌம் இன்னும் வெளிங்கற பொருள்ல இருக்கு. அதாவது ரூம் உள்ள எவ்வளவு எடம் இருக்குன்னு பாக்கற வார்த்தை. அறை பக்கத்துல இருக்கறதுலேர்ந்து இது எப்படிப் பிரிஞ்சு நிக்குதுன்னு பாக்கற வார்த்தை. ஒரே இடத்த ரெண்டு பக்கத்துலேர்ந்து பாத்து வச்ச பேரு.

நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க மலையாளத்துல ரூமுக்கு முறின்னு சொல்றாங்க, அது முறிக்கறதுங்கற வினையோட சேர்ந்த வார்த்தை, துண்டுங்கற அர்த்தமும் அதுக்கு உண்டு. அவங்க வேற வேரு எடுத்தாங்க, ஆனா அதே யோசனை, வெட்டினதுதான் அறை. நம்ம அறையும் அவங்ககிட்ட "அற"ன்னு இருக்கு, நெல்லு கொட்டி வைக்கற அற, பூமிக்கடியில நிலவற. 2011ல திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் நிலவறைகளத் தெறந்தப்போ நம்ம பேப்பர்லயும் அவங்க பேப்பர்லயும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை அச்சாச்சு. தெலுங்குல "அர"ன்னா பெட்டி அலமாரிக்குள்ள இருக்கற பகுதி, அப்படியே நம்ம அஞ்சறைப் பெட்டி அர்த்தம்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரயில்ல ஃபர்ஸ்ட் ஏசில நாலு பேரு படுக்கறத கேபின்னும் ரெண்டு பேரு படுக்கறத கூபேன்னும் சொல்லுவாங்க. கூபே பிரெஞ்சு வார்த்தை, வெட்டப்பட்டதுன்னு அர்த்தம், பெரிய குதிரை வண்டிய வெட்டிக் குறுக்கின வண்டிக்கு வச்ச பேரு அப்புறம் ரயிலுக்கு வந்துச்சு, காருக்கும் போச்சு. ஆக முறி, அறை, கூபே, மூணும் ஒரே செயல்லேர்ந்து பொறந்த பேரு.

இலக்கியத்துக்குள்ள போனா அறை கொஞ்சம் வேற முகம் காட்டும். சங்கப் பாட்டுகள்ல அறைன்னா நிறைய இடத்துல பாறை. அகலமான பாறைய வியலறைன்னு சொல்றாங்க, அங்க வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும், மயில் ஆடும். ரூம்னு நினைச்சுட்டுப் படிச்சா குழம்பிடுவோம். திருக்குறள்ல அரணப் பத்திச் சொல்ற 747வது குறள்ல "முற்றியும் முற்றா தெறிந்தும் அறைப்படுத்தும் பற்றற் கரியது அரண்"னு வருது. கோட்டைய சுத்தி முற்றுகை போட்டாலும், முற்றுகை இல்லாம நேரா மோதினாலும், உள்ள இருக்கறவங்கள வஞ்சனையா தன் பக்கம் இழுத்தாலும் பிடிக்க முடியாததா இருக்கணும்னு அர்த்தம். அந்த மூணாவது வழிதான் அறைப்படுத்தறது. 764ல படைய பத்திச் சொல்றப்பவும் "அறைபோகா தாகி"ன்னு அதே வார்த்தை. பழைய உரைக்காரங்க இத கீழறுத்தல்னு விளக்குவாங்க. கவனிச்சீங்களா, மறுபடி அறுத்தல்தான். ஒண்ணா இருந்த கூட்டத்த உள்ளேர்ந்து பிரிக்கறது அறைப்படுத்தறது. கோட்டைக்குள்ள தடுப்பு எழுப்பல, மனுஷங்களுக்குள்ள எழுப்பறாங்க.

இதே குறள்ல 1076ல "அறைபறை அன்னர் கயவர்"னு வர்ற அறை வேற. அது அடிக்கறது. பறை அறையறது, கன்னத்துல அறையறது, ஆணி அறையறது, சிலுவையில அறையறது எல்லாம் அந்தக் குடும்பம். பறைய அறைஞ்சு சேதி சொன்னதால சொல்றதுக்கே அறைதல்னு பேரு வந்துச்சு, கம்பர் "ஆசை பற்றி அறையலுற்றேன்"னு சொல்றப்போ ராமன் கதைய சொல்ல வந்தேன்னுதான் சொல்றாரு. அறைகூவலும் அங்கதான் சேரும். இந்த ரெண்டு குடும்பத்தையும் ஒண்ணாப் போட்டுக் கட்டி "சுவர் நம்மள அறையறதால அறை"ன்னெல்லாம் விளக்கம் சொல்றத கேட்டிருக்கேன், வேணாம், ஒலி ஒண்ணா இருக்கறதுக்காக உறவு கட்ட வேண்டியதில்ல.

சரி, வீட்டுக்கு வருவோம். நம்ம பழைய வீடுகள்ல அறை ரொம்பக் கம்மிங்கறது பலருக்குத் தோணாத விஷயம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை. இதுல ஒண்ணுகூட அறைன்னு முடியல பாருங்க. செட்டிநாட்டு வீட்டுல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போகும். திருநெல்வேலிப் பக்கம் பட்டாசல், அரங்குவீடு, அடுப்படி, இதுல அரங்குவீடுன்னா வீட்டுக்கு உள்ள தள்ளி இருக்கற ரூம், நகை நெல்லு பாத்திரம் வைக்கறது, வீட்டுக்குள்ள இருக்கற ரூமுக்கே வீடுன்னு பேரு. அக்ரகாரத்துல உள்ளுன்னே சொல்லுவாங்க, சமையல் உள், காமரா உள். இந்த காமரா போர்ச்சுகீசியர்கிட்டேர்ந்து வந்தது, ஹிந்தி கம்ராவும் அதே, லத்தீன் கேமராலேர்ந்து. நம்ம கையில இருக்கற கேமராவும் அதுவேதான், இருட்டறைங்கற அர்த்தத்துல கேமரா அப்ஸ்குரான்னு சொன்னத சுருக்கி கேமரா ஆக்கிட்டாங்க. கோர்ட்டுல வெளியாள விடாம நடக்கற விசாரணைய இன் கேமரான்னு சொன்னா வீடியோ எடுக்கறாங்கன்னு சிலர் நினைக்கறாங்க, நேர் எதிர், மூடின அறைக்குள்ள நடக்குதுன்னு அர்த்தம்.

ரேழிய பத்தி ஒண்ணு சொல்லாம தாண்ட மனசில்ல. இடைகழிங்கறதுதான் பேச்சுல தேஞ்சு ரேழி ஆச்சு, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற குறுகலான வழி. திருக்கோவிலூர்ல மழையில பொய்கையாழ்வார் ஒரு இடைகழியில ஒதுங்கிப் படுத்திருந்தாரு, பூதத்தாழ்வார் வந்தாரு, ஒருத்தர் படுக்கலாம் ரெண்டு பேரு உக்காரலாம்னு உக்காந்தாங்க, பேயாழ்வார் வந்தாரு, ரெண்டு பேரு உக்காரலாம் மூணு பேரு நிக்கலாம்னு நின்னாங்க, அப்புறம் நாலாவதா யாரோ நெருக்கற மாதிரி இருந்துச்சு, அது பெருமாள்னு வைணவ மரபு சொல்லுது. ஒரு இடத்தோட அளவ இதவிட நல்லா யாரும் சொன்னதில்ல, அடிக்கணக்கு இல்ல, படுக்க ஒருத்தர், இருக்க ரெண்டு பேரு, நிக்க மூணு பேரு. அந்த இடத்துக்கு அறைன்னு பேரு வரல, கழின்னு வந்துச்சு, ஏன்னா அது ரெண்டு பக்கமும் தெறந்து கடந்து போற வழி. அறைக்கு ஒரு பக்கமாவது மூடணும், வெளியில இருக்கறதுலேர்ந்து அது துண்டாகணும்.

படுக்கையறை, சமையலறை, குளியலறை, வரவேற்பறைன்னு வேலையோட பேரச் சொல்லி பின்னாடி அறை போடறது பெரும்பாலும் இங்கிலீஷ் வழியா வந்த வழக்கம். படுக்கறதுக்குன்னு தனி எடம் வச்சு ஜனங்க முன்னாடி வாழல, கூடத்துல பாய விரிச்சாங்க, வெயில் காலத்துல திண்ணையில, மொட்டை மாடியில. தனியா பள்ளியறை இருந்தது ராஜாவுக்கும் சாமிக்கும்தான். பள்ளின்னா படுக்கறது, படுக்கற எடம். மதுரையில இன்னமும் தினம் ராத்திரி சொக்கநாதரோட பாதத்த பல்லக்குல வச்சு மீனாட்சி சன்னதி பள்ளியறைக்குக் கொண்டு போறாங்க. ஆபீஸ்ல க்யூபிக்கிள்னு சொல்றோமே அதோட லத்தீன் மூலமும் படுக்கறதுதான், ரோமானிய வீட்டுல அது தூங்கற ரூம். பேர மட்டும் பாத்தா க்யூபிக்கிளும் பள்ளியறையும் ஒண்ணு.

கோயில் உள்ளயே இன்னும் போனா கருவறை. கல்வெட்டுல இதுக்கு உண்ணாழிகைன்னு வரும், கோயில்ல வேலை செய்றவங்களுக்கு மூலஸ்தானம், படிச்சவங்களுக்கு கர்ப்பக்கிருகம், மேடையிலயும் எழுத்துலயும் கருவறை. கர்ப்பங்கறதுக்கு கரு, கிருகங்கறதுக்கு அறை. கிருகம்னா வீடுதான், ஆனா கருவீடுன்னு வைக்காம கருவறைன்னு வச்சவங்க யாரோ அவங்களுக்கு காது நல்லா இருந்திருக்கு. அதே வார்த்தை அம்மா வயித்துக்கும் ஆச்சு. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டுல குடைஞ்ச கோயில்ல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இத எடுத்தேன்னு சொல்லுது. அறைங்கற வார்த்தைக்கு இதவிட சுத்தமான உதாரணம் கிடைக்காது, ஒரு கல்லுகூட மேல வைக்காம பாறைய அறுத்து எடுத்த வெறும் எடம். பாறையும் அறை, அதுல வெட்டினதும் அறைன்னா சங்கப் பாட்டு அறையும் நம்ம அறையும் எங்கயோ தொட்டுக்குதுன்னு எனக்கு அங்க நிக்கறப்ப தோணுச்சு. கல்லறையும் இப்படித்தான், கல்லுல வெட்டின அறையா இருந்தது பொதுவா புதைச்ச எடத்துக்கெல்லாம் பேரா ஆயிடுச்சு. குடைவரைய பாத்து அதுலயும் அறை இருக்குன்னு சிலர் குடைவறைன்னு எழுதறாங்க, அது தப்பு, அங்க வரை, மலைன்னு அர்த்தம். மணவறையில அறை இருந்தும் சுவர் கிடையாது, பந்தலுக்குள்ள நாலு கால் நட்டு அலங்காரம் பண்ணின மேடை, ஆனா அந்த நேரத்துக்கு அது கூட்டத்துலேர்ந்து ரெண்டு பேர பிரிச்சு வைக்குது.

இப்ப பேச்சு வழக்கு. தமிழ்நாட்டுல ரூம் ஜெயிச்சுடுச்சு, அத மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அறை எழுத்துக்குப் போயிடுச்சு, வகுப்பறை, கட்டுப்பாட்டு அறை, காத்திருப்போர் அறை, அறை எண். பேப்பர்ல "விடுதியில் அறை எடுத்துத் தங்கினார்"னு போடுவான், அதே ஆள பத்தி நாம பேசறப்ப ரூம் போட்டாருன்னுதான் சொல்லுவோம். எடுக்கறதும் போடறதும் பாருங்க, வார்த்தை மாறினா வினையும் மாறிடுது, அறை போட்டாருன்னா யாருக்கோ ரெண்டு விழுந்துச்சுன்னு ஆயிடும். யாழ்ப்பாணத்துல கதை வேற, அங்க வீட்டுப் பேச்சுலயே அறைதான், சாமியறை, அறைக்குள்ள கிடக்கு, அறையப் பூட்டு. அதே வாயில குசினின்னு போர்ச்சுகீசிய வார்த்தையும் சாதாரணமா வரும். ஒரு வார்த்தை பேச்சுல நிலைக்கறதும் போறதும் மொழிப்பற்ற மட்டும் வச்சு நடக்கறதில்லன்னு அங்க கேட்டாப் புரியும்.

உச்சரிப்பும் ஒரு காரணம்னு எனக்கு ஒரு எண்ணம். பெரும்பாலான ஊர்ல ர, ற ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சு, நாகர்கோவில் பக்கம் இன்னும் வித்தியாசம் கேக்கும். காதுல வித்தியாசம் போனதுக்கப்புறம் "அர"ன்னு ஒருத்தர் சொன்னா அது பாதியா, இடுப்பா, மாவ அரைக்கறதா, கன்னத்துல விடறதா, ரூமான்னு சுத்தி இருக்கற வார்த்தைய வச்சுதான் கண்டுபிடிக்கணும். ரூம்னா குழப்பமே இல்ல. வேற வார்த்தையோட ஒட்டி வர்றப்போ அந்தக் குழப்பம் இல்ல, அதனாலதான் அஞ்சறை, இழுப்பறை, கள்ளறை, நிலவறை எல்லாம் தப்பிச்சிருக்குன்னு நினைக்கிறேன். கள்ளறை தெரியுமா, பழைய மரப்பெட்டியில அடியில யாருக்கும் தெரியாம ஒரு தடுப்பு வச்சிருப்பாங்களே, அது. டிராயருக்கு இழுப்பறைன்னு சொல்றது எவ்வளவு பொருத்தம்னு யோசிச்சுப் பாருங்க, மேசைய பிரிச்சு, அதுல இழுக்கற பகுதி.

எது அறை எது இல்லன்னு பிரிக்கறதுல தமிழ் ரொம்ப நுணுக்கமா இருக்கு, இத எந்த இலக்கணப் புத்தகத்துல பாத்தும் சொல்லல, பேசறவங்க வாயப் பாத்துச் சொல்றேன். கோடு போட்டுப் பிரிச்சா அது கட்டம், செஸ் போர்டுல, ஜாதகத்துல, பாண்டி ஆட்டத்துல. அங்க சுவர் இல்ல ஆழம் இல்ல, அதனால அறை இல்ல. மண்ண வரப்பு கட்டிப் பிரிச்சா பாத்தி. தண்ணி போற வழிய தூண் வச்சுப் பிரிச்சா கண், மேட்டூர் அணையில 16 கண் மதகு. மேல கீழன்னு படுக்கையாப் பிரிச்சா பெரும்பாலும் அறைன்னு சொல்ல மாட்டோம், பீரோவுல மூணாவது தட்டு, டிபன் கேரியர்ல ரெண்டாவது அடுக்கு, கட்டிடத்துல மாடி. பக்கவாட்டுல செங்குத்தா தடுப்பு வச்சு, அந்தத் தடுப்புக்கு ஒரு உயரம் இருந்து, உள்ள எதையாவது வச்சு மூடலாம்னா அப்பதான் அறை. ஒரு வாரத்து மாத்திரைய பிரிச்சு வைக்கற டப்பாவுக்கு தமிழ்ல என்ன சொல்றதுன்னு ஒருத்தங்க கேட்டாங்க, ஏழறைப் பெட்டின்னு சொன்னேன், உடனே புரிஞ்சுது. இத ர போட்டு எழுதினா ஏழரையாயிடும், மாத்திரை டப்பாவுக்கு அந்தப் பேர் வேண்டாம், அதனால எழுத்துல கவனமா இருக்கணும்.

அறிவியல்ல இந்த வார்த்தை நல்லா வேலை செய்யுது. வெண்டைக்காய குறுக்க நறுக்கினா பூ மாதிரி அஞ்சு குழி தெரியும், தாவரவியல்ல அத சூலக அறைன்னு சொல்லுவாங்க. 1665ல ராபர்ட் ஹூக் தக்கைய மைக்ராஸ்கோப்புல பாத்து செல்னு பேரு வச்சாரு, செல்னா சின்ன அறை, மடத்துல துறவிங்க இருக்கற சின்ன ரூமுக்கும் அதே பேருதான், ஜெயில்லயும் அதேதான், 1906ல கட்டி முடிச்ச அந்தமான் செல்லுலார் ஜெயில் பேரே ஒவ்வொரு கைதியையும் தனித்தனி கொட்டடியில வச்சதால வந்துச்சு. நாம கையில வச்சிருக்கற செல்லும் அதுதான், ஊர சின்னச் சின்ன பகுதியா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு டவர், 1947ல பெல் லேப்ஸ்ல இந்த யோசனைய எழுதினப்பவே அறுகோணமா வெட்டித்தான் யோசிச்சாங்க, தேனடை மாதிரி.

ஆனா எனக்கு இதயம்தான் பெரிய உதாரணம். மீனுக்கு ரெண்டு அறை, தவளைக்கு மூணு, நமக்கு நாலு. இலங்கைப் பாடப் புத்தகத்துல மேல இருக்கறத சோணையறைன்னும் கீழ இருக்கறத இதயவறைன்னும் சொல்லுவாங்க, இங்க டாக்டருங்க தமிழ்ல எழுதறப்ப மேலறை கீழறைன்னு எழுதறாங்க. பல்லி, பாம்புக்கு கீழறைக்கு நடுவுல தடுப்பு இருக்கும் ஆனா முழுசா மூடாது, அதனால புத்தகத்துல மூணு அறைன்னுதான் எண்ணுவாங்க, முதலைக்கு முழுசா மூடியிருக்கு, நாலு. எடம் எவ்வளவு பெருசுங்கறது கணக்குல வரல பாருங்க, வெட்டு முடிஞ்சுதா இல்லையாங்கறதுதான் கணக்கு. அப்புறம் கருவறையில இருக்கற குழந்தைக்கு ரெண்டு மேலறைக்கும் நடுவுல ஒரு வழி தெறந்திருக்கும், நுரையீரல் இன்னும் வேலை செய்யாததால ரத்தம் அது வழியா குறுக்க போயிடும், பொறந்து மூச்சு விட ஆரம்பிச்சதும் அது மூடிக்கும். சுமார் நாலுல ஒருத்தருக்கு அது முழுசா ஒட்டாமலே இருந்துடும், பெரும்பாலும் அவங்களுக்கு அது தெரியாமலே வாழ்ந்து முடிச்சுடறாங்க.

மொழிபெயர்க்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. ரயில் பெட்டிய பெட்டின்னு சொல்லுங்க, கம்பார்ட்மென்ட்னு ஜனங்க முழுப் பெட்டியத்தான் சொல்றாங்க, உள்ள கதவு வச்சுப் பிரிச்சத மட்டும் அறைன்னு சொன்னா சரியா வரும், ஸ்லீப்பர்ல எட்டு எட்டு பெர்த்தா இருக்கற பகுதிக்கு அறைன்னு போடாதீங்க, அது வழிப்பக்கம் தெறந்து கிடக்கு. ஆபீஸ்ல மார்பு உயரத்துக்கு தடுப்பு வச்ச எடம், 1960கள்ல அமெரிக்காவுல ராபர்ட் ப்ராப்ஸ்ட் வடிவமைச்சதுலேர்ந்து பரவினது, அதுக்கு தடுப்பறைன்னு எழுதலாம், மேல தெறந்திருந்தாலும் பரவாயில்ல, கூரை அறைக்குக் கட்டாயமில்ல. 2015ல தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறைன்னு வச்சாங்க, பல எடத்துல அது ஒரு மூலைய தடுத்து எடுத்த சின்ன எடம்தான், ஆனா அந்தப் பேரு ரொம்பச் சரி, கூட்டத்துலேர்ந்து அறுத்து எடுத்துக் குடுத்த எடம். கழிவறையா கழிப்பறையான்னு சண்டை போடறவங்க இருக்காங்க, ரெண்டும் புழக்கத்துல இருக்கு, எனக்கு செய்ற செயல சொல்ற கழிப்பறை பிடிக்கும், அவ்வளவுதான்.

கடைசியா ஒரு விஷயம், இது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. பிரிச்சா மட்டும் அறை ஆயிடாது, பிரிச்சதுக்கப்புறமும் அது ஒண்ணுக்குள்ளயே இருக்கணும். அஞ்சு அறையும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே மூடிக்கு அடியில. நாலு அறையும் ஒரே இதயம். அது முழுசா அறுந்து போச்சுன்னா பேரு மாறிடும், பாகம், பங்கு, சிட்டியில போர்ஷன். மாடி போர்ஷன், பின் போர்ஷன்னு வாடகைக்கு விடறப்ப ஒரே வீடுதான், ஆனா தனித்தனி அடுப்பு, தனித்தனி மீட்டர், அத யாரும் அறைன்னு சொல்லல.

எங்க பாட்டி வீட்ட பாகம் பிரிச்சப்போ கூடத்துக்கு நடுவுல சுவர் எழுப்பினாங்க, முற்றம் ரெண்டாச்சு, தூண்ல ரெண்டு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம். எனக்கு அப்ப எட்டு வயசிருக்கும். எனக்கு அது வீட்டுக்குள்ள புதுசா ஒரு ரூம் வந்த மாதிரிதான் இருந்துச்சு, பாட்டிகிட்ட அப்படித்தான் கேட்டேன், "பாட்டி, சித்தப்பா ரூமுக்கு எப்படிப் போறது?" அவங்க அரிசி பொடைச்சுட்டு இருந்தாங்க, முறத்த நிறுத்தல. "அது ரூம் இல்லடா, அது அவங்க வீடு. தெருவச் சுத்திப் போ"ன்னாங்க.